குளித்துவிட்டு வந்தவர்கள்

இலகு மாத்திரையில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் நாச்சியாரை உறுத்தியது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த மாத்திரையைச் சோதிக்கும் டாக்டர் அவள். நூற்றுச் சொச்சம் பேர் சில மாதங்களாக அதை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். எடை மளமளவென்று இறங்கியிருந்தது. இதயம் ஒழுங்கு, சிறுநீரகம் ஒழுங்கு, ரத்தம் ஒழுங்கு. உடம்புச் சூடு எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டை ஒட்டி, சிலருக்கு அதற்கும் கீழே. கம்பெனியின் சென்னை அலுவலகம் மகிழ்ச்சி தாங்காமல் பெட்டி பெட்டியாக இனிப்பு அனுப்பியிருந்தது. நாளைக் காலை டெல்லியிலிருந்து ஒப்புதல் குழு திரையில் வந்து உட்காரும். நாச்சியார் பாதுகாப்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மழைக்காலத்துக்குள் மாத்திரை கடைக்கு வந்துவிடும்.

ஊரே காத்திருந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் இடுப்பை அளந்து பிரீமியம் போட ஆரம்பித்த காலம் அது. அரசாங்க வேலைக்கு மார்க் பார்த்த கையோடு எடையும் பார்த்தார்கள். இளைக்கலாம் என்று நடக்கப் போனால் வெயில் விடாது. மாசி மாதத்திலேயே காலை எட்டு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட நிற்காது. ஓடாமலே ஓடின பலன் கிடைக்கும் என்றால் யாருக்குக் கசக்கும்?

நாச்சியாருக்குத்தான் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், நடந்தாள், கடைசியில் மாடி ஆய்வகத்தில் இருந்த ஜெபராஜின் அறைக்குப் போனாள். இலகுவைக் கண்டுபிடித்தவர் அவர். கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர், பாளையங்கோட்டைக்காரர், கெட்ட மனுஷர் இல்லை.

"சார், சூடு எங்க போச்சு?"

"இத நூறு தடவை கேட்டுட்டீங்க."

"இன்னொரு தடவையும் கேப்பேன். சாப்பாட்டுல இருக்க சக்திய வேலையா மாத்தாம சும்மா எரிச்சு விடுது. அதான இந்த மாத்திரை? வண்டிய நியூட்ரல்ல போட்டுட்டு ஆக்சிலேட்டர மிதிக்க மாதிரி. பெட்ரோல் தீந்துரும், சரி. இன்ஜின் சுடணும்லா?"

"எலிக்குச் சுட்டுது."

"மனுஷனுக்கு ஏன் சுடல?"

"அதான்மா கண்டுபிடிப்பே." ஜெபராஜின் முகம் மலர்ந்தது. "தலைமுறை தலைமுறையா வெயில்ல கெடந்த உடம்பு நம்மது. சூட்ட எப்படிக் கழிக்கணும்னு அதுக்குத் தெரியும். இத வச்சுத் தனியா ஒரு கட்டுரை எழுதப் போறேன்."

"இதே மாதிரி எரிக்க மருந்து முன்னாலயும் வந்திருக்கு சார். சூடு ஏறி ஆளக் கொன்னுதான் தடை பண்ணுனாங்க. நம்ம ஆளுங்களுக்கு மட்டும் அந்தச் சூடு எங்க போவுது? உடம்பு என்ன பீரோவா, உள்ள வச்சுப் பூட்ட?"

அவர் சிரித்துவிட்டார். "தெனமும் போன்ல எல்லாருக்கும் கேள்வி போகுது. காய்ச்சல் உண்டான்னு கேக்கோம். ஒரே ஒரு ஆளு உண்டுன்னு சொல்லியிருக்காரா?"

சொல்லவில்லை. வெளியே வந்தாள். ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று கடைசிப் பரிசோதனை. ஆறுமுகநயினார் முதல் ஆளாக வந்திருந்தார். வண்ணாரப்பேட்டையில் புரோட்டா மாஸ்டர். சேர்ந்த புதிதில் இந்த வாசலில் ஒருக்களித்து நுழைந்த ஆளுக்கு இப்போது சட்டை தோளில் தொங்கியது. தலையைப் படிய வாரி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, சோப்பு மணக்க உட்கார்ந்திருந்தார்.

மற்றவர்கள் தங்களுக்காக மாத்திரை சாப்பிட்டார்கள். நயினார் மகளுக்காகச் சாப்பிட்டார். ஏழு வயது செண்பகாவுக்குக் கல்லீரல் கெட்டுக்கொண்டு வந்தது. அம்மாவின் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. அப்பாவுடையது சேர்ந்தது, ஆனால் அப்பாவின் ஈரலில் கொழுப்பு மண்டிக் கிடந்தது. முப்பது சதவீதம். அதைப் பத்துக்குள் கொண்டுவந்தால்தான் ஒரு துண்டு வெட்டிப் பிள்ளைக்கு வைக்க முடியும் என்று மதுரை சர்ஜன் சொல்லிவிட்டார். நயினார் சோதனையில் சேர்ந்தது அப்படித்தான்.

"ஸ்கேன்ல பன்னெண்டு வந்திருக்கு அண்ணாச்சி" என்றாள் நாச்சியார்.

"பன்னெண்டா?" அவர் கைகளைக் கோத்துக்கொண்டார். "அப்ப ரெண்டு கொறஞ்சாப் போதும். இன்னும் ஒரு மாசம் முழுங்கினா வந்துராதா?"

"வந்துரும். மாத்திரை ஒத்துக்கிடுதா?"

"அது எங் கொலசாமில்லா. ஒத்துக்கிடாம?"

"காய்ச்சல் ஏதும்?"

"ஒரு நாள் கெடையாது."

தெர்மாமீட்டர் தொண்ணூற்றேழரை காட்டியது. உதறிவிட்டு வேறொன்றை வைத்தாள். அதுவும் அதையே சொன்னது. நயினார் பொறுமையாக நாக்கை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பிறகு அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. அறிக்கையைத் திறந்தாள், மூடினாள். இத்தனை மாதத்தில் இந்த மனுஷர்கள் ஒருவரையும் ஆஸ்பத்திரி நாற்காலிக்கு வெளியே பார்த்ததில்லை என்று திடீரென்று தோன்றியது. சாயங்காலம் தெர்மாமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

வண்ணாரப்பேட்டைக் கடை வாசலில் புரோட்டாக் கல் புகைந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் தலையில் ஈரத் துண்டோடு நயினார் நின்றார். முகம் செக்கச் சிவந்து கிடந்தது. கால் இரண்டும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள். தொட்டியில் தண்ணீர், தண்ணீரில் ஐஸ் கட்டிகள்.

"வாங்க டாக்டரம்மா. சூடா ரெண்டு போடட்டா?"

"கால ஏன் தண்ணிக்குள்ள வச்சிருக்கீங்க?"

"சூட்டுக்கு."

"கல்லுச் சூட்டுக்கா?"

"கல்லு இருவது வருசமாச் சுடுது, அது பழகிட்டு. இது ஒடம்புச் சூடு. மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்து இருக்கு. மோரு குடிச்சுப் பாத்தேன், வெந்தயம் முழுங்கிப் பாத்தேன், சனிக்கெழமை தவறாம எண்ண தேச்சுக் குளிக்கேன். எதுக்கும் அடங்கல. தண்ணிக்குள்ள நின்னாத்தான் கொஞ்சம் அடங்குது."

அவரைக் கல்லைவிட்டு விலக்கி, மின்விசிறிக்குக் கீழே வெகு நேரம் உட்கார வைத்துவிட்டு அளந்தாள். நூற்று மூன்று.

பதறிப்போனாள். கல்லை அணைக்கச் சொன்னாள். குடம் குடமாகத் தலையில் ஊற்ற வைத்தாள். கடை முதலாளி முறைத்ததை அவள் பார்க்கவே இல்லை.

"காய்ச்சல் உண்டான்னு தெனமும் கேட்டோம்லா அண்ணாச்சி? இல்லன்னே சொன்னீங்க."

நயினாருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "இல்லையே. காய்ச்சல்னா குளுரும், கை கால் ஒளையும், வாய் கசக்கும். அப்படி ஒண்ணும் கெடையாது. இது சூடு. நீங்க சூட்டையா கேட்டிய?"

கேட்கவில்லை. கேள்விகளைத் தமிழில் எழுதியவளே அவள்தான். கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, வாய்ப்புண் வந்தால் சூடு என்று கேட்டு வளர்ந்தவள். இந்த ஊரில் காய்ச்சலுக்குத்தான் டாக்டர், சூட்டுக்கு மோர். இது தெரிந்தும், காய்ச்சல் உண்டா என்றுதான் எழுதி வைத்திருந்தாள்.

"அப்ப காலைல அளக்கும்போது ஏன் இல்ல? தொண்ணூத்தேழரை காட்டிச்சே."

"காலைல குளிச்சிட்டுல்லா வந்தேன்."

"எப்பவும் அப்படித்தானா?"

"பின்ன? பெரிய டாக்டர் தொட்டுப் பாக்க ஒடம்பு, வேர்வ நாத்தத்தோடயா வந்து நிப்பாக? நாங்க எல்லாரும் கொக்கிரகுளத்துல ஆத்துல எறங்கி ஒரு மணி நேரம் கெடந்துட்டுத்தான் வாறது. அங்கன இருந்து ஒங்க ஆஸ்பத்திரி பக்கம்லா. நெசமாச் சொன்னா, அந்த ஒரு மணி நேரந்தான் நிம்மதி."

நாச்சியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பல் டாக்டரிடம் போனால்கூடத் தலைக்குக் குளித்துவிட்டுப் போகிற ரகம் அவளும். குளிக்காமல் டாக்டரிடம் போகலாம் என்பது அவளுக்கே தோன்றாத விஷயம், அதனால் கேட்கவும் தோன்றவில்லை. வெளியூர்க்காரர் யாராவது வரவேற்பில் இருந்திருந்தால் இத்தனை ஈரத் தலைகளைப் பார்த்து முதல் வாரமே விசாரித்திருப்பார். தலைமுறை தலைமுறையாக வெயிலில் கிடந்த உடம்பின் அதிசயம் எல்லாம் தாமிரபரணித் தண்ணீர்!

"அண்ணாச்சி, இது இன்னும் நாலஞ்சு டிகிரி ஏறினா உள்ள எல்லாம் வெந்துரும். ஈரலும்தான். இன்னைக்கு மாத்திரை போடாதீங்க."

"நிப்பாட்டிராதிய டாக்டரம்மா." அவர் குரல் இறங்கியது. "ரெண்டு சதவீதந்தான். நான் ஐஸ்லயே கெடக்கேன். எம் புள்ளைக்கு வேற ஆள் இல்ல."

அவள் ஜெபராஜுக்குப் போன் போட்டாள்.

"கல்லு முன்னால நிக்கவன அளந்தா நூத்திமூணு காட்டாம என்னம்மா செய்யும்?" என்றார் அவர். மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துத்தான் அளந்தேன் என்றாள் அவள். "சரி. ஒரு ஆள வச்சு நான் குழுவ நிறுத்த முடியாது. காலைல எல்லாரையும் வரச் சொல்லி அளங்க. ஏறியிருந்தா நானே நிறுத்துதேன்."

நாச்சியார் அத்தனை பேருக்கும் தகவல் அனுப்பினாள். காலையில் வாருங்கள், குளிக்காமல் வாருங்கள், ஆற்றுப் பக்கமே போகாதீர்கள் என்றாள். ஏன் என்றும், சூடு ஏறியிருந்தால் மாத்திரை நின்றுவிடும் என்றும் விளக்கமாகச் சொன்னாள். மறைத்துப் பழக்கமில்லாதவள். அதுதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் காலை கூடம் நிறைந்திருந்தது. முதலில் வந்து அமர்ந்த பெண்ணின் பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகை நனைத்துக்கொண்டிருந்தது.

"குளிச்சிட்டா வந்தீங்க?"

"இல்லையே டாக்டர்."

தொண்ணூற்றேழு. அடுத்து வந்த ஏட்டையாவின் காது மடலில் சோப்பு நுரை காயவில்லை. அவரும் குளிக்கவில்லையாம். தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்தவர் சீயக்காய் வாசத்தோடு அதையே சொன்னார்.

நாச்சியாருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அங்கன்வாடி வேலை உறுதியாக இன்னும் கொஞ்சம் எடை குறைய வேண்டும். ஏட்டையாவுக்குப் பிரமோஷன். இன்னொருவருக்கு இன்சூரன்ஸ். நேற்றுவரை மரியாதைக்காகக் குளித்தவர்கள் இன்றைக்கு மாத்திரைக்காகக் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். செத்தாலும் பரவாயில்லை, இளைத்துச் சாக வேண்டும் என்று இவர்களை நினைக்க வைத்தது யார் என்று அவளுக்குக் கோபம் பொங்கியது. கோபத்தில் எழுந்து போய்க் கூடத்தின் ஏசியை அணைத்தாள்.

"எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அளக்கேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடம் புழுங்கியது. முதலில் அங்கன்வாடிப் பெண் எழுந்தாள். பிள்ளைக்கு ஸ்கூல் வேன் வந்துவிடுமாம். ஏட்டையாவுக்கு டூட்டி. ஒருவருக்கு வாசலில் ஆட்டோ நின்றது. இன்னொருவர் காரணம்கூடச் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். யாரையும் பிடித்து வைக்க முடியாது. விருப்பப்பட்டு வந்தவர்கள் விருப்பப்பட்டுப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துத்தான் சேர்த்திருந்தார்கள்.

மூலையில் ஒருவர் மட்டும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நயினார். அவர் தலையும் ஈரமாகத்தான் இருந்தது. காலையில் மற்றவர்களோடு அவரும் ஆற்றில் இறங்கியிருக்கிறார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஈரம் காய்ந்து, திருநீறு வேர்வையில் வழிய ஆரம்பித்தபோது நாச்சியார் அளந்தாள். நூற்று இரண்டு. உடனே ஐஸில் நனைத்த துண்டை அவர் கழுத்தில் சுற்றினாள். "இத நான் பதிஞ்சா ஒங்களுக்கு மாத்திரை கெடையாது அண்ணாச்சி. தெரியும்லா?"

"தெரியும். பதிங்க."

அதற்குள் ஜெபராஜ் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "ஏசிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நாச்சியார் காதில் விழாதது மாதிரி இருந்தாள்.

டெல்லிக் குழு நிதானமாகத்தான் கேட்டது. தலைவி நல்ல படிப்பாளி. நாச்சியார் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, இந்த ஒருவர் அடுப்பு முன்னால் வேலை செய்பவர்தானே என்றார். மற்ற எல்லோருக்கும் இன்று காலைகூட இயல்பாக இருந்திருக்கிறதே. அடுப்படியில் வேலை செய்பவர்களுக்கு ஆகாது என்று அட்டையில் ஒரு வரி சேர்த்தால் போதாதா?

"அவங்க எல்லாரும் குளிச்சிட்டு வந்தாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் நாச்சியார். அந்த மொழியில் அது அசட்டுத்தனமாக ஒலித்தது. திரையில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் உதவிக்கு ஜெபராஜைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் நேற்றுக் கடையில் பார்த்த நயினாரின் முகம் மாதிரியே சிவந்திருந்தது. அவர் இந்தக் கூடத்துக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவருடைய தொப்பை காணாமல் போனதை மனைவியின் கேழ்வரகுக் களிக்குக் கிடைத்த வெற்றி என்று ஆய்வகமே பேசிக்கொண்டிருந்தது.

"சார்" என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்களும் போடுதீங்களா?"

ஜெபராஜ் அவளைப் பார்த்தார். மூலையில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்த நயினாரைப் பார்த்தார்.

"வீட்ல ஏசி, கார்ல ஏசி, ரூம்ல ஏசி" என்றார் தமிழில். "எனக்குச் சுடவே இல்லம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது."

பிறகு அவரே கையை நீட்டித் தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டார். நூற்று ஒன்று. அந்த எண்ணைத் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார். தன் பெயரைச் சொன்னார். பல மாதமாக யாருக்கும் சொல்லாமல் மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னார். வாழ்க்கையில் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் போனதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். கட்டுரை, மழைக்காலம், இனிப்புப் பெட்டி எல்லாம் அத்தோடு போயிற்று. நாச்சியாருக்கு அவர் மேல் முதல் முறையாகப் பெரிய மரியாதை வந்தது.

இலகுவை அன்றைக்கே எல்லோருக்கும் நிறுத்தச் சொல்லிக் குழு கலைந்தது.

நயினார் சட்டைப் பையிலிருந்து மீதி மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அதை வைத்துவிட்டுக் கையை எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"மதுரை சர்ஜன்கிட்ட நான் பேசுதேன்" என்றாள் நாச்சியார். "எண்ணெய், மைதா வேண்டாம். இருட்டோட எந்திரிச்சு நடங்க. அந்த ரெண்டையும் அப்படியே கொறைக்கப் பாப்போம். மெதுவாத்தான் எறங்கும். அதுவரைக்கும் பிள்ளைக்குத் தாங்குமான்னு என்னால உறுதி சொல்ல முடியல."

"நடக்கேன். தெக்க உள்ள ரோடு பூரா நடக்கேன்."

அவர் எழுந்து வாசல்வரை போனார். நாச்சியாருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்களே. எல்லாரையும் விட ஒங்களுக்குத்தான அது வேணும். நீங்க ஏன் உக்காந்தீங்க?"

நயினார் கழுத்துத் துண்டை எடுத்துப் பிழிந்தார்.

"நேத்து செண்பகா எம் மேல கால போட்டுப் படுத்தா. படுத்தவ துள்ளி எந்திரிச்சிட்டா. 'எப்பா, ஒங்க ஈரல எனக்கு வச்சா எனக்கும் இப்படித்தான் சுடுமா'ன்னு கேட்டா. காலைல ஆத்துக்குள்ள கெடக்கும்போதும் அதுதான் ஓடிச்சு. எனக்குச் சுட்டா நான் ஐஸ்ல நிப்பேன். அவ எங்க போயி நிப்பா?" அவர் அவள் முகத்தையே பார்த்தார். "சுடுமா டாக்டரம்மா?"

எலிகளிடம் சோதித்தார்கள். நூற்றுச் சொச்சம் பேரிடம் சோதித்தார்கள். இதயம், சிறுநீரகம், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். மாதக் கணக்கில் மருந்து ஊறிய ஈரலில் ஒரு துண்டை ஒரு குழந்தைக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

"தெரியாது அண்ணாச்சி" என்றாள்.

நயினார் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படவில்லை.

"எப்படியாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றார். "நான் வீட்டுக்குப் போனதும் திரும்பக் கேப்பா."